புல்வெளித் தீயும் எரிவாயுத் தீயும்

காட்டுத்தீ பற்றிய செய்திகள் அண்மைக்காலமாக உலக ஊடகங்களில் பெரும் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. 2019 – 2020 கோடையில் தென்கிழக்கு அவுஸ்திரேலியா, 2023 ஆம் ஆண்டில் கனடா, 2025 ஜனவரியில் லொஸ் ஏஞ்சல்ஸ் என்று ஒவ்வொரு பேரழிவின்போதும் எரிந்த வீடுகளும் வெளியேறிய மக்களும் முதற்பக்கங்களில் இடம்பிடித்தனர். ஆனால், உலகில் வருடாந்தம் தீக்கு இரையாகும் நிலப்பரப்பின் மிகப்பெரும் பகுதி இந்த இடங்களில் இல்லை. அது சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்கா, வட அவுஸ்திரேலியா, பிரேசிலின் செராடோ ஆகிய பகுதிகளின் சவன்னாக்களில், அதாவது மரங்கள் ஆங்காங்கே நிற்கும் வெப்பவலயப் புல்வெளிகளில் இருக்கிறது. அங்கே வருடந்தோறும் புல் வளர்கிறது, காய்கிறது, எரிகிறது. மாளிகைகள் எதுவும் சாம்பலாவதில்லை. வருடந்தோறும் நடப்பது எதுவும் செய்தியாவதில்லை என்பது பத்திரிகைத் தொழிலில் நீண்டகாலம் இருந்த எனக்கு நன்கு தெரிந்த விதி.

செய்தியாகாத அந்தத் தீயின் அளவு சாதாரணமானதல்ல. செய்மதித் தரவுகளை அடிப்படையாகக் கொண்டு செய்யப்பட்ட மதிப்பீடுகளின்படி 1997 தொடக்கம் 2016 வரையான இரு தசாப்தங்களில் உலகின் காடுகளிலும் புல்வெளிகளிலும் விவசாய நிலங்களிலும் மூண்ட தீயினால் வருடமொன்றுக்குச் சராசரியாக 220 கோடி தொன் காபன் வளிமண்டலத்தைச் சென்றடைந்தது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சவன்னாத் தீயிலிருந்து வந்ததாகும். ஆபிரிக்கக் கண்டத்தின் பங்கு மாத்திரம் மொத்தத்தில் அரைவாசிக்கும் அதிகம்.

இந்தக் கணக்கைக் காபனீரொட்சைட்டாக மாற்றிப் பார்த்தால் சவன்னாத் தீயின் பங்கு வருடத்துக்குச் சுமார் 500 கோடி தொன்னாக வரும். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரிப்பதன் மூலமாக ஐக்கிய அமெரிக்கா ஒரு வருடத்தில் வெளியேற்றும் அளவும் ஏறத்தாழ இதுவேயாகும். இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துவிட்டு, அமெரிக்காவின் தொழிற்சாலைகளும் ஆபிரிக்க மேய்ப்பனின் தீக்குச்சியும் ஒரே அளவு குற்றமிழைக்கின்றன என்று எவரேனும் வாதிட முற்பட்டால், எண்களில் பிழை இருக்காது. வாதம் முழுவதுமே பிழையாக இருக்கும்.

காரணம் எளிமையானது. புல் எரியும்போது வெளிவரும் காபனீரொட்சைட்டு, அதே புல் கடந்த மழைக்காலத்தில் வளிமண்டலத்திலிருந்து எடுத்துக்கொண்டதாகும். அடுத்த மழையுடன் முளைக்கும் புல் அதை மீண்டும் எடுத்துக்கொள்கிறது. எனவேதான் காலநிலை மாற்றம் தொடர்பான அரசுகளுக்கு இடையிலான குழுவின் வழிகாட்டல்களின் கீழ் நாடுகள் தங்களது வாயு வெளியேற்றக் கணக்கைத் தயாரிக்கும்போது, சவன்னாப் புல் எரிவதால் வரும் காபனீரொட்சைட்டைச் சேர்ப்பதில்லை. சேர்க்கப்படுவது மெதேனும் நைதரசு ஒட்சைட்டும் ஆகும். இவை தீயின்போது உருவாகுபவை. புல் மீண்டும் முளைப்பதால் இவை திரும்பிப் போவதில்லை. நூறு வருட கால அளவில் ஒரு தொன் மெதேன் 28 தொன் காபனீரொட்சைட்டுக்கும், ஒரு தொன் நைதரசு ஒட்சைட்டு 265 தொன்னுக்கும் சமமானவை என்ற பெறுமானங்களையே பாரிஸ் உடன்படிக்கையின் கீழான அறிக்கைகளில் நாடுகள் பயன்படுத்துகின்றன.

காடுகளின் நிலைமை வேறு. 2023 ஆம் ஆண்டில் மே மாதம் தொடக்கம் செப்டெம்பர் வரை கனடாவின் காடுகள் எரிந்ததனால் சுமார் 64 கோடி தொன் காபன் வெளியேறியதாக மதிப்பிடப்பட்டிருக்கிறது. அந்த மரங்கள் மீண்டும் வளர்ந்து அதை உறிஞ்சுவதற்குப் பல தசாப்தங்கள் செல்லும். இந்தோனேசியாவின் முற்றா நிலக்கரிச் சதுப்புநிலங்கள் 1997 ஆம் ஆண்டிலும் 2015 ஆம் ஆண்டிலும் எரிந்தபோது வெளியேறிய காபன் சேர்வதற்கு எடுத்த காலமோ ஆயிரக்கணக்கான வருடங்கள். எரிந்தது எது, அது திரும்பி வர எவ்வளவு காலம் எடுக்கும் என்ற கேள்விகளைக் கேட்காமல் தீயைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

காலப்போக்கில் சவன்னாத் தீ அதிகரிக்கிறதா, குறைகிறதா? பலரும் எதிர்பார்ப்பதற்கு மாறாக அது குறைந்து வந்திருக்கிறது. 1998 தொடக்கம் 2015 வரையான 18 வருட செய்மதிப் பதிவுகளை ஆராய்ந்து 2017 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, உலகில் வருடாந்தம் எரியும் நிலப்பரப்பு சுமார் 24 சதவீதத்தினால் வீழ்ச்சி கண்டதாகக் கூறியது. அந்த வீழ்ச்சியின் பெரும்பகுதி சவன்னாக்களிலும் புல்வெளிகளிலுமே நேர்ந்தது. புல்வெளிகள் வயல்களாகவும் மேய்ச்சல் பண்ணைகளாகவும் மாறின. வீதிகளும் வேலிகளும் தீயின் பாதையைத் துண்டித்தன. இதை ஒரு நற்செய்தி என்று அவசரப்பட்டுக் கொண்டாட முடியாது. திறந்த புல்வெளியை நம்பி வாழ்ந்த விலங்குகளும் இடம்பெயரும் மேய்ப்பர்களும் தங்களது நிலத்தை இழந்ததன் மறுபக்கமே இந்தப் புள்ளிவிபரம்.

தீ மூட்டுபவன் யார் என்பதைப் பொறுத்தே தீ குற்றமாகவோ அபிவிருத்தியாகவோ கொள்ளப்படுவது வரலாற்றில் புதிதல்ல. ஆபிரிக்காவின் பல பகுதிகளில் பிரித்தானிய, பிரெஞ்சு குடியேற்றவாத நிர்வாகங்கள் கிராமவாசிகளின் புல்வெளித் தீயை நாசவேலையாகக் கருதித் தடைவிதித்தன. இலங்கையிலும் 19 ஆம் நூற்றாண்டில் சேனைப் பயிர்ச்செய்கைக்காகக் காட்டை எரித்த விவசாயியைக் காட்டு வளத்தை வீணடிப்பவன் என்று ஆங்கிலேய அதிகாரிகள் தங்களது அறிக்கைகளில் சாடினர். அதே காலப்பகுதியில் கோப்பித் தோட்டங்களுக்காக மத்திய மலைநாட்டின் காடுகள் வெட்டி எரிக்கப்பட்டன. முன்னையது அழிவு என்றும் பின்னையது முன்னேற்றம் என்றும் எழுதப்பட்டது. சேனை நிலத்தில் காடு மீண்டும் முளைத்தது. தோட்டங்களாக்கப்பட்ட மலைகளில் முளைக்கவில்லை.

இந்தப் பின்னணியில்தான் வட அவுஸ்திரேலியாவில் கடந்த இரு தசாப்தங்களாக நடந்துவருவதை நோக்கவேண்டும் என்று நினைக்கிறேன். அந்த நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு வெப்பவலயச் சவன்னாவாகும். அதன் வடகோடியில் உள்ள ஆர்னெம் லாண்ட் பிராந்தியத்தின் மேற்குப் பகுதி பாறைகள் நிறைந்த மேட்டுநிலம். பினிஞ் என்று தம்மை அழைத்துக்கொள்ளும் ஆதிக்குடி மக்களின் பூர்வீகம் அது. அதன் அருகிலுள்ள மாட்ஜட்பேபே பாறைக்குகையில் நடத்தப்பட்ட அகழ்வாய்வின் முடிவுகள், மனிதர்கள் அங்கே 65,000 வருடங்களுக்கு முன்னர் வாழ்ந்ததாக 2017 ஆம் ஆண்டில் கூறின.

அந்த மக்கள் நிலத்தை எரித்தே பராமரித்தார்கள். மழை ஓய்ந்து, புல் முழுவதும் காயாத ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் நடந்துசெல்லும் வழியெல்லாம் சிறு சிறு தீ மூட்டுவார்கள். இரவின் பனி விழுந்ததும் அது தானாகவே அணைந்துவிடும். எரிந்த துண்டும் எரியாத துண்டும் மாறிமாறி நிலத்தில் அமையும். ஓகஸ்டுக்குப் பின்னர் வெப்பமும் காற்றும் கடுமையாகும்போது எங்காவது பெருந்தீ மூண்டால், ஏற்கெனவே எரிந்த துண்டுகள் அதைத் தடுத்து நிறுத்தும்.

20 ஆம் நூற்றாண்டில் அந்த மேட்டுநிலம் வெறிச்சோடியது. கிறிஸ்தவ மிஷன்களுக்கும் சுரங்கங்களுக்கும் மாட்டுப்பண்ணைகளுக்கும் அரசாங்கக் குடியிருப்புகளுக்கும் மக்கள் சென்றுவிட்டார்கள். தீ மூட்ட ஆளில்லாத நிலத்தில் தீ ஒழிந்துபோகவில்லை; பருவம் தவறி வந்தது. 1990 களின் நடுப்பகுதி தொடக்கம் பத்து வருடங்களில், அப்பகுதியில் வருடந்தோறும் சராசரியாக மூன்றிலொரு பங்குக்கும் மேற்பட்ட நிலம் எரிந்தது. அதில் பெரும்பகுதி வரட்சியின் பிற்கூற்றில் வாரக்கணக்கில் பரவிய பெருந்தீயினால் எரிந்தது. உலகில் வேறெங்கும் காணப்படாத அன்பினிக் மரத்தோப்புகள் அதில் கருகின. முன்பருவத் தீ புல்லையும் சருகையும் மேலோட்டமாகத் தின்றுவிட்டுப் போகும். பின்பருவத் தீயோ விழுந்துகிடக்கும் மரங்களையும் பற்றைகளையும் சேர்த்து எரித்து, ஒரே பரப்பிலிருந்து கணிசமாகக் கூடுதலான மெதேனையும் நைதரசு ஒட்சைட்டையும் வெளியேற்றும்.

மேட்டுநிலத்தில் பிறந்து வளர்ந்து, பாறை ஓவியக் கலையில் பெயர்பெற்ற முதியவரான பர்டாயல் லொஃப்டி நட்ஜமெரெக், மக்கள் தங்களது நிலத்துக்குத் திரும்பவேண்டும் என்று வலியுறுத்தியவர்களில் முதன்மையானவர். 2009 ஆம் ஆண்டில் காலமான அவரைப் போன்ற முதியவர்களின் அறிவும், ஜெரமி ரசல்-சிமித் போன்ற விஞ்ஞானிகளின் அளவீடுகளும் சேர்ந்து ஒரு திட்டம் உருவானது. சுமார் 28,000 சதுர கிலோமீற்றர் பரப்பில் முன்பருவ எரிப்பை மீண்டும் தொடங்குவது அதன் நோக்கம். இப்போது காலாற நடந்தும் எரிக்கிறார்கள். ஹெலிகொப்டரிலிருந்து தீக்குளிகைகளை வீசியும் எரிக்கிறார்கள்.

அதற்கான பணம் வந்த இடம்தான் சிந்தனைக்குரியது. டார்வின் நகரில் திரவ இயற்கை எரிவாயு ஆலையொன்றை அமைத்த கொனொகோபிலிப்ஸ் கம்பனி, அந்த ஆலையின் வெளியேற்றத்தில் ஒரு பகுதியை ஈடுசெய்வதற்காக 2006 ஆம் ஆண்டில் இத்திட்டத்துடன் உடன்பாடு செய்துகொண்டது. வருடத்துக்குச் சுமார் 10 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர், 17 வருடங்கள், பதிலுக்கு வருடந்தோறும் ஒரு இலட்சம் தொன் காபனீரொட்சைட்டுக்குச் சமமான வெளியேற்றக் குறைப்பு. தொன் ஒன்றின் விலை பத்து டொலர் என்று கணக்கு.

திட்டம் சொன்னதைச் செய்தது. பின்பருவப் பெருந்தீ வெகுவாகக் குறைந்தது. ஆளற்ற நிலத்தில் ஆதிக்குடி வனக்காவலர்களுக்கு வேலை கிடைத்தது. குடும்பங்கள் திரும்பின. கபுல்வர்னம்யோ குடியிருப்பில் 2015 ஆம் ஆண்டில் பிள்ளைகளுக்கென்று ஒரு பாடசாலையும் தொடங்கப்பட்டது. அவுஸ்திரேலிய அரசாங்கம் 2011 ஆம் ஆண்டில் காபன் விவசாயச் சட்டத்தைக் கொண்டுவந்து, அடுத்த வருடம் சவன்னாத் தீ முகாமைத்துவத்துக்கான கணக்கீட்டு முறையை அங்கீகரித்தது. அதன் பின்னர் வடபகுதியெங்கும் டசின் கணக்கான இத்தகைய திட்டங்கள் பதிவாகின. இந்தச் சாதனையை எவ்விதத்திலும் குறைத்து மதிப்பிட நான் விரும்பவில்லை. அரச நிதியுதவிகள் தேர்தலுக்குத் தேர்தல் மாறிக்கொண்டிருந்த ஒரு பிராந்தியத்தில், 17 வருடங்களுக்கு உறுதியான வருமானம் என்பது பெரிய விடயம். அந்த மக்கள் தாங்களே சிந்தித்து, பேச்சுவார்த்தை நடத்தி, இந்தச் சந்தைக்குள் பிரவேசித்தார்கள். அவர்களுக்குப் புத்திமதி கூறும் தகுதி தொலைவிலிருந்து எழுதும் எவருக்கும் இல்லை.

எனது கேள்வி விற்றவர்களை நோக்கியது அல்ல. வாங்கியவர்களை நோக்கியதும், அந்த விற்பனைக்கு விதிகளை வகுத்த அரசாங்கத்தை நோக்கியதுமாகும். விற்கப்பட்ட பொருள் என்ன? முன்பருவ எரிப்பினால் தவிர்க்கப்பட்ட மெதேனும் நைதரசு ஒட்சைட்டும். அதற்கு ஈடாகக் கிடைத்த அனுமதி என்ன? இலட்சோபலட்சம் வருடங்கள் கடலடியில் புதைந்துகிடந்த காபனை வெளியே எடுத்து எரிப்பது. வளிமண்டலத்தில் மெதேனின் ஆயுள் சுமார் 12 வருடங்கள். எரிவாயுவிலிருந்து வரும் காபனீரொட்சைட்டின் ஒரு பகுதி ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு அங்கேயே தங்கும். நூறு வருடங்கள் என்ற எல்லையை வகுத்து, அதற்குள் இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துகிறது தற்போதைய கணக்கு முறை. நூறு வருடங்களுக்கு மேல் நீடிக்கும் நைதரசு ஒட்சைட்டைப் பொறுத்தவரை அந்தச் சமன்பாட்டில் ஓரளவு நியாயம் உண்டு. மெதேனைப் பொறுத்தவரை அது குறுகிய காலக் கடனைக் கொடுத்து நித்தியக் கடனை அழிப்பதற்கு ஒப்பானது.

2018 ஆம் ஆண்டில் விதிகள் மேலும் விரிந்தன. பெருந்தீ குறைவதால் தரையில் விழுந்துகிடக்கும் உலர்ந்த மரங்களில் சேரும் காபனையும் வரவாகக் கணக்கிட இடமளிக்கப்பட்டது. அந்தக் காபனை 25 அல்லது 100 வருடங்களுக்குப் பாதுகாக்கவேண்டும் என்பது நிபந்தனை. வருடங்கள் வெப்பமாகிக்கொண்டு போகும் ஒரு புல்வெளியில், காய்ந்த மரக்கட்டையை 100 வருடங்களுக்குத் தீயிடமிருந்து காப்பதாக வாக்குறுதி அளிக்கும் பொறுப்பை யார்மீது சுமத்தியிருக்கிறோம்? அதற்கிடையில் மேய்ச்சலுக்கென 1930 களில் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட காம்பா புல் டார்வினைச் சூழ்ந்த பகுதிகளில் பரவி, உள்ளூர்ப் புல்லைவிடப் பல மடங்கு எரிபொருளைத் தரையில் குவிக்கிறது. தீ முகாமைத்துவம் இலகுவாகிக்கொண்டு போகவில்லை.

மறுபுறத்தில் எரிவாயுத் தொழில் என்ன செய்தது? டார்வின் ஆலையில் கொனொகோபிலிப்ஸுக்கு இருந்த பங்கு 2020 ஆம் ஆண்டில் சன்டொஸ் கம்பனியின் கைக்கு மாறியது. அந்த ஆலைக்கு எரிவாயு வழங்கும் புதிய களமான பரோசா, 2025 ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கியது. காபனீரொட்சைட்டின் செறிவு மிகவும் கூடிய எரிவாயுக் களங்களில் அது ஒன்று. தங்களுடன் முறையாகக் கலந்தாலோசிக்கவில்லை என்று வாதிட்டு, திவி தீவுகளின் ஆதிக்குடி மக்கள் அக்களத்தின் துளையிடல் அனுமதிக்கு எதிராக 2022 ஆம் ஆண்டில் சமஷ்டி நீதிமன்றத்தில் வெற்றிபெற்றார்கள். குழாய்ப்பாதைக்கு எதிரான வழக்கில் 2024 ஜனவரியில் தோற்றார்கள். 2023 ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட சட்டவிதிகள் பெரும் தொழிற்சாலைகள் தங்களது வெளியேற்ற எல்லையை வருடத்துக்கு 4.9 சதவீதத்தினால் குறைக்கவேண்டும் என்று கட்டளையிடுகின்றன. ஆனால் உள்நாட்டுக் காபன் வரவுகளை எந்த அளவிலும் வாங்கி அந்தக் கடமையைத் தீர்த்துக்கொள்வதற்கும் அதே விதிகள் இடமளிக்கின்றன. புகைபோக்கியில் எதையும் மாற்றாமலேயே கணக்கேட்டில் குறைத்துக்காட்ட முடியும் என்பதே இதன் அர்த்தம்.

சந்தை இல்லாவிட்டால் அந்த மக்களுக்கு யார் பணம் கொடுப்பார்கள் என்ற கேள்வி நியாயமானது. நிலத்தைப் பராமரிப்பது ஒரு பொதுச்சேவை. துறைமுகத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் பாதுகாப்புப் படைக்கும் வருடந்தோறும் பணம் ஒதுக்கும் நாடு, கண்டத்தின் நான்கிலொரு பங்கைத் தீயிலிருந்து காப்பவர்களுக்கு அதேபோன்று நிரந்தரமாக ஒதுக்க முடியும். எரிவாயுக் கம்பனிகளும் கொடுக்கட்டும், வரியாகக் கொடுக்கட்டும். அவை கொடுக்கும் பணத்துக்குப் பதிலாக மேலும் எரிப்பதற்கான அனுமதிப்பத்திரம் கிடைக்கக்கூடாது என்பது மட்டுமே நான் கூறுவது. புல்வெளியின் மெதேன் குறைப்பைப் புல்வெளியின் கணக்கிலும், புதைபடிவக் காபனை அதன் சொந்தக் கணக்கிலும் தனித்தனியே எழுதினால் இரண்டும் உண்மையாக இருக்கும்.

இவ்விடயம் அவுஸ்திரேலியாவுடன் நின்றுவிடப்போவதில்லை. அந்த அனுபவத்தை ஆபிரிக்கச் சவன்னாக்களுக்கும் கொண்டுசெல்லும் முயற்சிகள் தொடங்கிவிட்டன. நல்லதே. ஆனால் ஒரு நிலத்தின் பாடத்தை இன்னொரு நிலத்தில் அப்படியே ஒப்புவிக்க முடியாது. ஆபிரிக்காவின் ஈரலிப்பான புல்வெளிகளில் பருவம் முந்தி மூட்டப்படும் தீ பச்சைப் புல்லைச் சரியாக எரிக்காமல் புகைந்து, தொன் ஒன்றுக்குக் கூடுதலான மெதேனை வெளியிடக்கூடும் என்று அங்கு செய்யப்பட்ட அளவீடுகள் காட்டியிருக்கின்றன. அங்கே நிலம் ஆளற்றுக் கிடக்கவில்லை. கோடிக்கணக்கான மக்கள் அதில் மாடு மேய்க்கிறார்கள், பயிர் செய்கிறார்கள், தங்களது பருவக் கணக்கின்படி தீ மூட்டுகிறார்கள். காபன் வரவுக்காக அவர்களுடைய தீக்கு வெளியிலிருந்து நாட்காட்டி வகுக்கப்படுமானால், குடியேற்றவாதத் தடைச்சட்டத்தின் புதிய பதிப்பாகவே அது அமையும்.

பிரேசில் இதில் ஒரு மாற்று வழியைக் காட்டுகிறது. தீயே கூடாது என்ற கொள்கையை நீண்டகாலம் கடைப்பிடித்த அந்த நாடு, செராடோப் புல்வெளியின் சில பாதுகாக்கப்பட்ட பகுதிகளிலும் ஆதிக்குடிப் பிரதேசங்களிலும் 2014 ஆம் ஆண்டில் முன்பருவ எரிப்பைப் பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. பத்து வருட அனுபவத்துக்குப் பின்னர், ஒருங்கிணைந்த தீ முகாமைத்துவத்தைத் தேசியக் கொள்கையாக்கும் சட்டத்தை 2024 ஜூலையில் கொண்டுவந்தது. பாரம்பரியத் தீப்பயன்பாட்டைக் குற்றமாகப் பார்க்காமல் அறிவாக அங்கீகரிப்பதற்குக் காபன் சந்தை ஒரு முன்நிபந்தனை அல்ல என்பதற்கு அதுவே சான்று.

அடுத்துவரும் வருடங்களில் செல்வந்த நாடுகளும் கம்பனிகளும் தங்களது வெளியேற்றத்தை ஈடுசெய்வதற்கு மலிவான வரவுகளைத் தேடி வறிய நாடுகளின் புல்வெளிகளுக்கு மேலும் மேலும் வரப்போகின்றன. அப்போது ஆபிரிக்க அரசாங்கங்கள் மேசைக்கு மறுபக்கத்தில் அமர்ந்திருக்கும். ஆர்னெம் லாண்ட் மக்கள் பெற்ற வேலைவாய்ப்பையும் நிலத்துக்குத் திரும்பும் உரிமையையும் அவர்கள் கேட்டுப் பெறட்டும். அத்துடன், தாங்கள் தவிர்க்கும் ஒவ்வொரு தொன்னும் வேறெங்கோ ஒரு எரிவாயுக் கிணற்றின் ஆயுளை நீடிப்பதற்குப் பயன்படப்போகிறதா என்ற கேள்வியையும் கையொப்பமிடுவதற்கு முன்னர் அவர்கள் கேட்கவேண்டும்.